தனிம வரிசை அட்டவணைக்குத் தாளம் போடுவது எப்படி

உயர்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தும் ஒருவர் கேட்டது இது: "மாணவர்களுக்குத் தனிம வரிசை அட்டவணை மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் நிற்கும் என்கிறார்கள். உண்மையா, இல்லை வகுப்பு நேரம்தான் வீணாகுமா? எனக்குப் பாடவும் வராது. எங்கே தொடங்குவது?"

நிற்கும். ஆனால் எது நிற்கிறது என்பதில்தான் சிக்கல். அதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆசிரியராக வந்த புதிதில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து முதல் 36 தனிமங்களை வரிசையாக அதில் கோத்துவிட்டேன். ஹைட்ரஜனில் ஆரம்பித்துக் கிரிப்டானில் முடியும். இரண்டே வாரத்தில் வகுப்பு முழுக்க மூச்சு விடாமல் பாடியது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு நாள், "புரோமினுக்கு நேர் மேலே எது இருக்கிறது?" என்று கேட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஹைட்ரஜனிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 35ஆவது இடத்தில் புரோமின் வந்தது. அதற்கு முன்னால் செலினியம், பின்னால் கிரிப்டான். மேலே? பாட்டில் மேல் கீழ் என்று ஒன்று கிடையாதே. குளோரின் எங்கோ 18 சொற்களுக்கு முன்னால் போய்விட்டது.

பாட்டு என்பது ஒரே கோடு. அட்டவணை ஒரு கட்டம். குறுக்கே ஒரு ஒழுங்கு, மேலிருந்து கீழே இன்னொரு ஒழுங்கு. கட்டத்தைக் கோடாக நீட்டினால் பெயர்கள் மிஞ்சும், அட்டவணை காணாமல் போகும். பெயர்களை மனப்பாடம் செய்வதில் பெரிய லாபம் இல்லை. பெயர் மறந்தால் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். லித்தியத்துக்கும் சோடியத்துக்கும் ஏன் ஒரே குணம் என்பதைச் சுவர் சொல்லாது.

உலகத்திலேயே புகழ்பெற்ற தனிமப் பாட்டுக்கும் இதே குறைதான். அமெரிக்கக் கணித ஆசிரியர் டாம் லெரர் 1959இல் வெளியிட்டது. 1879இல் மேடையேறிய ஓர் ஆங்கில இசை நாடகத்தின் மெட்டில், அன்றைக்குத் தெரிந்திருந்த 102 தனிமங்களையும் மூச்சுமுட்டப் பாடி முடிப்பார். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அணு எண் வரிசை அதில் இல்லை. சந்தத்துக்கு எது பொருந்துகிறதோ அதுதான் அடுத்த சொல். ஆன்டிமனியில் ஆரம்பிக்கிறது பாட்டு. அவர் அதை நகைச்சுவையாகத்தான் எழுதினார், பாடம் நடத்த எழுதவில்லை. அதனால் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பாடமாக்குகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, வழி என்ன? குறுக்கே போவதைத் தாளத்திடம் கொடுங்கள். மேலிருந்து கீழே வருவதை இயைபிடம் கொடுங்கள். மெட்டு அப்புறம் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். இப்படிச் செய்தால் உங்களுக்குப் பாட வராதது ஒரு குறையே இல்லை. கை தட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் குறுக்கே. அட்டவணையின் குறுக்கு வரிசைக்குத் தொடர் என்று பெயர். ஏழு தொடர்களிலும் உள்ள தனிமங்களின் எண்ணிக்கை 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. கரும்பலகையில் இந்த ஏழு எண்களை எழுதிவிட்டு, "இதில் ஏதாவது தாளம் கேட்கிறதா?" என்று கேளுங்கள். இரட்டை இரட்டையாக வருவதை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். அடுத்து இரண்டாம் தொடருக்கு வாருங்கள். எட்டுத் தனிமங்கள், எட்டுத் தட்டு. இதை வெறும் எட்டாகத் தட்டாமல் இப்படிப் பிரித்துத் தட்டுங்கள்:

தக: லித்தியம், பெரிலியம்
தகிட: போரான், கார்பன், நைட்ரஜன்
தகிட: ஆக்சிஜன், ஃபுளூரின், நியான்

ஒரு தனிமத்துக்கு ஒரு தட்டு. பெயரின் முதல் எழுத்து தட்டில் விழ வேண்டும், மிச்ச எழுத்துகள் அடுத்த தட்டுக்குள் அடங்கிவிடும். மூன்றாம் தொடரும் இதே தாளம்தான்: சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், சல்ஃபர், குளோரின், ஆர்கான். முதல் தொடருக்கு வெறும் "தக" மட்டும்: ஹைட்ரஜன், ஹீலியம். ஒவ்வொரு தொடரும் முடிந்ததும் ஒரு தட்டு சும்மா விடுங்கள். அந்த மௌனம் முக்கியம். தொடரின் கடைசியில் நிற்கும், எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுவோடு எலக்ட்ரான்களின் ஒரு கூடு நிறைந்துவிட்டது, அடுத்த எலக்ட்ரான் புதுக் கூட்டுக்குப் போகிறது என்பதை அந்த இடைவெளி சொல்லிவிடும்.

ஏன் தக, தகிட, தகிட? வெறும் அழகுக்காக இல்லை. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் உட்காரும் இடங்களுக்கு ஆர்பிட்டால் என்று பெயர். முதல் இரண்டு தனிமங்களிலும் கடைசி எலக்ட்ரான் எஸ் ஆர்பிட்டாலில் போய் உட்காருகிறது. அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். அடுத்து பி ஆர்பிட்டால்கள் மூன்று. போரான், கார்பன், நைட்ரஜன் வரை ஒவ்வொரு எலக்ட்ரானும் தனித்தனி ஆர்பிட்டாலைப் பிடித்துக்கொள்கிறது. காலி பெஞ்சு இருக்கும்வரை யாரும் இன்னொருவர் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆக்சிஜனில்தான் முதல் ஜோடி சேருகிறது. ஃபுளூரினில் இரண்டாவது, நியானில் மூன்றாவது. முதல் தகிட தனியாள்கள், இரண்டாவது தகிட ஜோடிகள். ஹுண்டு விதியைக் கை தட்டியே சொல்லிக்கொடுத்தாயிற்று. சின்ன வகுப்பாக இருந்தால் ஆர்பிட்டால் பேச்சையே எடுக்க வேண்டாம். தட்டிக்கொண்டே இருக்கட்டும், இரண்டு வருடம் கழித்து அந்தப் பாடம் வரும்போது கை ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கும்.

இதை முதலில் கவனித்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. எஸ் ஆர்பிட்டால் ஒன்று, பி மூன்று, டி ஐந்து, எஃப் ஏழு. தாளம் தெரிந்தவர்களுக்கு மூன்று, ஐந்து, ஏழு என்றால் திச்ரம், கண்டம், மிச்ரம். ஆக நான்காம் தொடரின் 18 தனிமங்களைத் தட்டுவது இப்படி: தக; தக தகிட, தக தகிட; தகிட, தகிட. நடுவில் வரும் இரண்டு கண்டம்தான் ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரையான பத்து இடைநிலைத் தனிமங்கள். ஆறாம், ஏழாம் தொடர்களில் எஸ் தட்டுக்குப் பிறகு இரண்டு மிச்ரம் கூடுதலாக நுழையும்: தகிட தகதிமி, தகிட தகதிமி. அந்தப் பதினான்கு தட்டுகளைத்தான் அட்டவணைக்குக் கீழே தனியாக இறக்கி, லாந்தனைடு, ஆக்டினைடு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவை ஏன் கீழே தொங்குகின்றன என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். 32 தட்டையும் ஒரு முறை தட்டிக் காட்டினால், காகிதத்தின் அகலம் போதாமல் கீழே இறக்கியது என்பது புரிந்துவிடும்.

இயற்கை தாளம் போடுகிறது என்றெல்லாம் கவிதையாகப் போக வேண்டாம். குரோமியத்திலும் தாமிரத்திலும் எலக்ட்ரான்கள் இந்த ஒழுங்கைக் கொஞ்சம் மீறுகின்றன. அந்த இரண்டு தட்டையும் பிசகவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். பிசகியது காதில் விழுந்தால், ஏன் என்ற கேள்வி தானாக வரும்.

இப்போது ஒரு பழைய கதை. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் இசையும் தனிம அட்டவணையும் சேர்ந்தது நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. ஜான் நியூலண்ட்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், அன்றைக்குத் தெரிந்த தனிமங்களை அணு எடைப்படி அடுக்கிப் பார்த்து, எட்டாவது தனிமம் முதலாவதைப் போல இருக்கிறது என்று கவனித்தார். 1865இல் அதற்கு எண்ம விதி என்று பெயர் வைத்தார். இசையில் எட்டாவது சுரம் முதல் சுரத்தின் மேல் ஸ்தாயி என்பதுதான் அந்தப் பெயரின் பின்னணி. நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. ச ரி க ம ப த நி, திரும்ப ச. லித்தியம் ச என்றால் ஃபுளூரின் நி, மேல் ஸ்தாயி ச சோடியம்.

நியானை விட்டுவிட்டீர்களே என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். அன்றைக்கு மந்த வாயு ஒன்றுகூடக் கையில் கிடையாது. ஆர்கான் 1894இல் வந்தது, நியான் 1898இல். அதனால்தான் நியூலண்ட்ஸுக்கு ஏழு சுரம் சரியாக அமைந்தது. நியான் வந்திருந்தால் ஒன்பதாவதுதான் திரும்பும், இசை உவமையே பிறந்திருக்காது.

1866 மார்ச்சில் நியூலண்ட்ஸ் லண்டன் வேதியியல் கழகத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார். கூட்டத்தில் இருந்த கேரி ஃபாஸ்டர் என்ற பேராசிரியர், தனிமங்களை முதலெழுத்து அகர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தீர்களா என்று கிண்டலாகக் கேட்டார். கழகம் கட்டுரையையும் வெளியிடவில்லை. 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தன் அட்டவணையை வெளியிட்ட பிறகுதான் நியூலண்ட்ஸ் சொன்னதில் விஷயம் இருந்தது என்று பலருக்குப் பட்டது. 1887இல் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தது.

ஆனால் கிண்டல் செய்தவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நியூலண்ட்ஸ் எட்டைக் கடைசிவரை விடாமல் பிடித்தார். கால்சியம் வரை சரியாக வந்தது. அதற்குப் பிறகு பத்து இடைநிலைத் தனிமங்கள் நடுவில் நுழைவது அவருக்குத் தெரியாது. எட்டுக்குள் திணித்ததில் ஃபுளூரின், குளோரின் வரிசையில் கோபால்ட்டும் நிக்கலும், அதுவும் இரண்டும் ஒரே கட்டத்தில், வந்து உட்கார்ந்தன. ஆக்சிஜன், சல்ஃபர் பக்கத்தில் இரும்பு. மெண்டலீவ் தாளத்தை நீட்டத் தயாராக இருந்தார், தெரியாத இடத்தில் தட்டைக் காலியாக விடவும் தயாராக இருந்தார். அப்படி அவர் முன்கூட்டிச் சொன்ன இடங்களில் 1875இல் காலியம், 1879இல் ஸ்கேண்டியம், 1886இல் ஜெர்மானியம் வந்து விழுந்தன. உங்கள் வகுப்பில் தாளம் போடும்போது ஒரு தட்டில் பெயர் சொல்லாமல் விட்டு, "இங்கே யார் இருக்க வேண்டும், அவருக்கு என்ன குணம் இருக்கும்?" என்று கேளுங்கள். மெண்டலீவ் செய்தது அதுதான்.

இனி மேலிருந்து கீழே. இந்த வரிசைக்குத் தொகுதி என்று பெயர். இங்கே நமக்கு ஒரு வேலையும் இல்லை, தனிமங்கள் ஏற்கனவே இயைபோடுதான் பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. கார உலோகங்களைச் சொல்லிப் பாருங்கள்: லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், ஃபிரான்சியம். எல்லாம் "இயம்". ஹாலஜன்கள்: ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். எல்லாம் "இன்". மந்த வாயுக்கள்: நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். எல்லாம் "ஆன்". 2016இல் புதிய தனிமங்களுக்குப் பெயர் வைத்தபோதுகூட 117க்கு டென்னசின், 118க்கு ஓகனெசான் என்று அந்தந்தத் தொகுதியின் ஈற்றைக் காப்பாற்றினார்கள். மந்த வாயுக்களில் ஹீலியம் மட்டும் வழி தவறி "இயம்" என்று முடிகிறது. முதலில் சூரிய ஒளியின் நிறமாலையில்தான் அதைக் கண்டார்கள், பெயர் வைத்தபோது அது உலோகம் என்று நினைத்துவிட்டார்கள். இந்த ஒரு பிசகைச் சொன்னால் அந்த விதி யாருக்கும் மறக்காது. போரான், சிலிக்கான் இரண்டும் மந்த வாயுக்கள் மாதிரியே ஒலிக்கும், அதையும் எச்சரித்துவிடுங்கள்.

ஆகவே தொடருக்குத் தட்டு, தொகுதிக்கு இயைபு. வகுப்பில் ஒரு பக்கம் தொடரைத் தட்டட்டும். நீங்கள் "நில்" என்று சொன்ன இடத்தில் இருக்கும் தனிமத்தின் தொகுதியை மறுபக்கம் மேலிருந்து கீழே சொல்லட்டும். தட்டு குளோரினில் நின்றால் மறுபக்கம் ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று ஒலிக்க வேண்டும். என் 36 தனிமப் பாட்டில் தோற்றுப்போன கேள்வி இந்த விளையாட்டில் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடுகிறது.

சுரம் எங்கே என்று கேட்கலாம். சுரத்தை நான் இணைதிறனுக்கு, அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்புகளைப் போடும் என்ற எண்ணுக்கு, வைத்திருக்கிறேன். இரண்டாம் தொடரின் வழக்கமான இணைதிறன்கள் 1, 2, 3, 4, 3, 2, 1, 0. ஏறி இறங்குகிறது. ஆரோகணம், அவரோகணம். ஒன்றுக்கு ச, இரண்டுக்கு ரி, மூன்றுக்கு க, நான்குக்கு ம என்று வைத்துக்கொண்டால் லித்தியத்திலிருந்து நியான் வரை ச ரி க ம க ரி ச, அப்புறம் மௌனம். நியான் யாரோடும் சேராது, அதனால் அதற்குக் குரலும் இல்லை. மூன்றாம் தொடரும் அதே ஏற்ற இறக்கம். சரியான சுருதியில் பாட வேண்டும் என்பதுகூட இல்லை, குரல் ஏறி இறங்கினால் போதும்.

இதன் பலன் சேர்மங்களின் வேதி வாய்பாடு எழுதும்போது தெரியும். ஒரே சுரக்காரர்கள் ஒன்றுக்கு ஒன்றாகச் சேருவார்கள். சோடியமும் குளோரினும் ச, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. மக்னீசியமும் ஆக்சிஜனும் ரி, அதுவும் ஒன்றுக்கு ஒன்று. மக்னீசியம் ரி, குளோரின் ச என்றால் ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு குளோரின். அலுமினியம் க, ஆக்சிஜன் ரி, ஆகவே இரண்டுக்கு மூன்று. பாஸ்பரஸ், சல்ஃபர், குளோரின் போன்றவற்றுக்கு வேறு இணைதிறன்களும் உண்டு என்பதைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். முதல் நாளே சொன்னால் குழம்பும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கேட்கும் ஒலியின் அதிர்வெண்ணை நீங்களே கொடுத்து ஒலிக்கவைக்கும் இலவசச் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன. தனிமங்களின் முதல் அயனியாக்கும் ஆற்றலை (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்), மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று அட்டவணையில் இருக்கும் அதே எண்ணை, அப்படியே ஹெர்ட்ஸாக அதில் கொடுங்கள். லித்தியம் 520, பெரிலியம் 900, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. அடுத்து சோடியம் 496. எல்லாமே காதுக்கு எட்டும் ஒலிகள்தான். அளவை இப்படி மாற்றுவதற்கு இயற்பியல் காரணம் எதுவும் இல்லை, எண்கள் தற்செயலாக வசதியாக அமைந்துவிட்டன என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். ஒலி ஏறுகிறது, பெரிலியத்துக்குப் பிறகு ஒரு படி சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது, நைட்ரஜனுக்குப் பிறகு இன்னொரு சறுக்கல், மறுபடி ஏறி நியானில் கீச்சென்று நிற்கிறது. சோடியத்துக்கு வந்ததும் இரண்டு ஸ்தாயிக்கும் மேல் தடாலென்று விழுகிறது. அந்த இரண்டு சறுக்கலும் எங்கே வருகின்றன என்று கவனியுங்கள். தக முடிந்து தகிட ஆரம்பிக்கும் இடத்தில் ஒன்று, முதல் தகிட முடிந்து இரண்டாவது ஆரம்பிக்கும் இடத்தில் இன்னொன்று. போரானில் எலக்ட்ரான் எஸ்ஸைவிட ஆற்றல் கூடிய பி ஆர்பிட்டாலுக்குப் போகிறது, அதனால் எளிதாகப் பிடுங்கலாம். ஆக்சிஜனில் முதல் ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று தள்ளுகிறது, அதனால் அங்கேயும் எளிது. கை தட்டியபோது எங்கே பிரித்தோமோ அங்கேயே காதும் பிரிக்கிறது. வரைபடத்தில் இந்தச் சறுக்கல்களைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று தாண்டிப் போன பிள்ளைகள், காதில் விழுந்ததும் "ஏன் இறங்குச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் தொடரையும் ஒலிக்கலாம்: 496, 738, 578, 787, 1012, 1000, 1251, 1521, பிறகு பொட்டாசியத்தில் 419. அலுமினியத்தின் சறுக்கல் நன்றாகக் கேட்கும். பாஸ்பரஸிலிருந்து சல்ஃபருக்கு இறங்குவது அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், அநேகமாக ஒரே ஒலி என்றுதான் சொல்வார்கள். சங்கீதக் காது உள்ள ஒருவர் பிடித்துவிட்டால் அன்றைக்கு அவர்தான் நாயகர்.

நினைவாற்றல் பற்றிக் கேட்டீர்கள். பாட்டாக இருந்தாலே நினைவில் நிற்கும் என்பது பாதி உண்மைதான். உளவியலாளர் வாண்டா வாலஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எளிய மெட்டு பல சரணங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தபோது சொற்கள் பேச்சைவிட நன்றாக நினைவில் நின்றன. மெட்டு பழகுவதற்கு முன்பே, ஒரே ஒரு சரணம் மட்டும் கேட்டவர்களுக்கு அந்த அனுகூலம் கிடைக்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். புது மெட்டையும் கற்க வேண்டும், புதுச் சொற்களையும் கற்க வேண்டும் என்றால் சுமை இரட்டிப்பு. ஆகவே மெட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால் பழகிய, சின்ன, திரும்பத் திரும்ப வரும் மெட்டாக வையுங்கள். ஒரு தொடருக்கு ஒரு சரணம். அப்படி வைத்தால் எந்தச் சரணத்திலும் நேரே நுழையலாம், சோடியத்துக்குப் போக ஹைட்ரஜனிலிருந்து கிளம்ப வேண்டியதில்லை.

பின்னணியில் பாட்டு ஓடவிட்டுப் படிப்பது வேறு சமாசாரம், அதை இதோடு சேர்க்காதீர்கள். சொற்கள் உள்ள பாட்டு காதில் விழுந்துகொண்டிருந்தால் வரிசையாக எதையும் நினைவில் வைப்பது கெடுகிறது, வெறும் வாத்திய இசை அவ்வளவு கெடுப்பதில்லை என்று சலாமே, பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் 1989இலேயே காட்டிவிட்டார்கள்.

குறியீடுகளுக்குத் தனியாக ஒரு கேள்வி பதில் பாட்டு வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணைத் தாளத்தோடு கலக்க வேண்டாம். பெயருக்கும் குறியீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத பதினொரு தனிமங்கள்தான் தொல்லை. ஒரு அணி இன்றைய பெயரைச் சொல்ல, மறு அணி பழைய பெயரைச் சொல்லட்டும். சோடியம், நேட்ரியம். பொட்டாசியம், காலியம். இரும்பு, ஃபெர்ரம். தாமிரம், குப்ரம். வெள்ளி, அர்ஜென்டம். வெள்ளீயம், ஸ்டேனம். ஆன்டிமனி, ஸ்டிபியம். டங்ஸ்டன், வுல்ஃப்ரம். தங்கம், ஆரம். பாதரசம், ஹைட்ரார்ஜிரம். ஈயம், பிளம்பம். தங்கத்துக்கு ஆரம் என்று வருவது நமக்கு மட்டும் கிடைத்த பரிசு, அதை யாரும் மறந்து நான் பார்த்ததில்லை. காலியத்தில் மட்டும் ஜாக்கிரதை. பொட்டாசியத்தின் பழைய பெயரும், 31ஆம் தனிமத்தின் பெயரும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். உச்சரிப்பில்தான் வேறுபாடு. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லவைத்துவிடுங்கள்.

நடைமுறை விஷயங்கள் சில. பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியாக எழுந்து பாடச் சொல்லாதீர்கள். குரல் உடைகிற வயது, ஒரு சிரிப்பு போதும், அதற்குப் பிறகு வருடம் முழுக்க வாய் திறக்க மாட்டார்கள். கூட்டாகத் தட்டுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. காது கேளாத மாணவர் இருந்தால் மேசையில் தட்டுங்கள், அதிர்வு கைக்குத் தெரியும். தட்டின் ஒழுங்கு கண்ணுக்கும் தெரியும், யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. பக்கத்து வகுப்புக்காரர் வந்து முறைப்பார், அதை நான் சரிசெய்ய முடியாது.

பாட்டை நீங்களே எழுதிக் கொடுக்காமல் ஒரு தொகுதியைக் கொடுத்து அவர்களையே நான்கு வரி எழுதச் சொன்னால் பலன் கூடுதல். ஹாலஜனைப் பற்றி நான்கு வரிக்கு மேல் இடமில்லை என்றால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் பாடப் புத்தகத்தை உண்மையிலேயே படிப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எதுகைக்காக அறிவியலைக் கோணலாக்கிவிடுவார்கள். ஒரு குழு, ஹீலியம் எரியும் என்று முடித்துவிட்டது, "எரியும்" சந்தத்தில் அழகாக உட்கார்ந்ததாம். எழுதி முடித்ததும் மற்ற குழு பிழை பார்க்கட்டும். யாருடைய மெட்டையாவது எடுத்திருந்தால் வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்றினால் காப்புரிமைத் தகராறு வரலாம்.

தேர்வில் பாடச் சொல்லி மதிப்பெண் போட வேண்டாம். காலிக் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஐந்தாறு இடங்களைக் குறித்து, யார் என்று கேளுங்கள். பாட்டு ஏணி மாதிரி, மாடிக்கு வந்தபின் கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுங்கள். சிலர் மேசைக்கடியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் கடைசி வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். ஹைட்ரஜன் ஒளிரும்போது கண்ணுக்குத் தெரியும் நான்கு கோடுகள் வரும்: 656, 486, 434, 410 நானோமீட்டர். அவற்றின் அதிர்வெண்ணை ஒரு லட்சம் கோடியால் வகுத்தால் ஏறத்தாழ 457, 617, 691, 731 ஹெர்ட்ஸ் கிடைக்கும். முன்பு செய்தது எண்களின் தற்செயல். இது அப்படியில்லை, அணு விடும் ஒளி அதிரும் அதே விகிதம், வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. நான்கையும் நான்கு கைபேசியில் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுங்கள். இனிமையாக இருக்காது. மேல் இரண்டு ஒலிகளும் நெருக்கமாக நின்று ஒன்றோடொன்று உரசும். ஏன் மேலே போகப் போக நெருங்குகின்றன என்று யாராவது கேட்பார்கள், அங்கிருந்து நீல்ஸ் போரின் அணு மாதிரியைத் தொடங்கிவிடலாம்.